ரேஸ் இல்லாத நாளில் கொடுக்கவும்

என் அன்பான உங்களுக்கு,

உங்கள் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. அந்த ஊரில் நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வரியில் "இங்கே எல்லோரும் நலம்" என்று எழுதுவதுதான் வழக்கம். என் கை அதை எழுத மாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களிடம் பேசத்தான் முடிகிறதா? நான் வாயைத் திறந்தால் நீங்கள் ஒரு கேலி பேசுவீர்கள், நான் சிரித்துத் தொலைப்பேன், சொல்ல வந்த விஷயம் காற்றோடு போய்விடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படியே தப்பித்து வருகிறீர்கள். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

லாடம் அடிக்கிற அண்ணனுக்கு உங்கள் பக்கத்திலேயே ஒரு லாயத்தில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறையின் மேல் ரேஸ் இல்லாத நாளில் கொடுக்கவும் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததுமே இது நல்ல சேதி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். குதிரை ஏறப் போகிற ஆளிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது என்பது லாயத்தை ஒட்டிய நம் லைன் வீடுகளில் பெண்களின் சட்டம். பக்கத்து வீட்டு அக்கா தன் மாமியார் போன சேதியை நாலு ரேஸ் முடிகிறவரை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வேலியோரம் நின்றாளே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நான் திட்டினேன். இப்போது நானும் அதையே செய்கிறேன்.

பதறாதீர்கள். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் நம் பெண் சிட்டுவுக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நேற்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். இப்போது என் கண்ணெதிரில்தான் கட்டிலில் படுத்திருக்கிறாள். என்ன, எப்படி என்று ஒரே மூச்சில் சொன்னால் நீங்கள் பாதிக் கடிதத்திலேயே எழுந்துவிடுவீர்கள். உட்காருங்கள். நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நம் ரேஸ் கோர்ஸை மூடிவிட்டார்கள். மூடப்போவது தெரிந்துதான் நீங்கள் கடல் தாண்டிப் போனீர்கள், ஆனாலும் நேரில் பார்ப்பது வேறாகத்தான் இருக்கிறது. குத்தகை முடிந்துவிட்டது, நிலத்தை எடுத்துப் பூங்காவோ மைதானமோ கட்டப்போகிறார்களாம். ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய இடத்தைக் குதிரைக்கு விடுவதா என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை. ரேஸ் கோர்ஸ் எப்போது ஊருக்கு நடுவில் வந்தது? முதலில் இங்கே ஒரு சதுப்பு நிலமும் பட்டாளத்துக்காரர்களின் கூடாரமும்தான் இருந்தன. அவர்கள் பொழுது போகாமல் குதிரை விட்டார்கள், பார்க்கக் கூட்டம் வந்தது, கூட்டத்துக்குக் கடை வந்தது, கடைக்குப் பின்னால் வீடு வந்தது. ஊர்தான் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டு இப்போது இடம் போதவில்லை என்கிறது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான்.

நம் தெரு ஏன் ஒரு பக்கமாக வளைந்து போகிறது என்று புதிதாகக் குடி வந்தவர்களுக்குத் தெரியாது. பழைய ஓடுபாதையின் வளைவு அது. பெரிய ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் ஒரு சீசனின் ரேஸ் வசூலில் கட்டியது, வாசலில் கல்லே பதித்திருக்கிறார்கள். லாயத்திலிருந்து குதிரைகள் சாலையைக் கடக்கிற முனையில் பஸ்காரர்கள் ஹார்ன் அடிக்க மாட்டார்கள் அல்லவா? இப்போது கடப்பதற்கு ஒரு குதிரையும் இல்லை. ஆனாலும் பழைய டிரைவர்கள் விடிகாலையில் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பின்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் அவர்களைத் திட்டுகிறார்கள்.

கடைசி ரேஸுக்குப் பல வாரம் முன்பிருந்தே குதிரைகளை லாரி லாரியாக ஏற்றிப் போக ஆரம்பித்தார்கள். நீங்கள் கடைசியாக ஜெயித்த சாம்பல் குதிரை லாரியில் ஏற மாட்டேன் என்று ஒரு மணி நேரம் அடம் பிடித்ததாம். போகிற இடம் நல்ல இடம்தான், மலைப் பக்கத்தில் ஒரு பண்ணை என்றார்கள். எனக்கு, ஜாக்கிகளின் சட்டைகளை வைக்கிற கலர் அறையைக் காலி செய்கிற வேலை கொடுத்தார்கள். எத்தனை சட்டை தைத்திருப்பேன், எத்தனை சட்டையில் சேறும் ரத்தமும் துவைத்திருப்பேன்! எல்லாவற்றையும் குதிரை முதலாளிகளுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மஞ்சளும் ஊதாவும் சிவப்புக் கட்டமுமாக இரண்டு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் போட்டோ வந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் புதுச் சட்டை, கையில் சாட்டை, வாய் நிறையச் சிரிப்பு. லைன் முழுக்க என் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கி, அடேயப்பா, ஆள் எப்படி இளைத்துவிட்டார், ராசிக்காரிடி நீ என்றாள். மற்ற ஊரில் ஒருவர் இளைத்தால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். நம் லைனில்தான் கை கொடுப்பார்கள்.

நான் கை கொடுக்கவில்லை. பதினைந்து வருடமாக உங்கள் தோளுக்கு அளவு எடுத்தவள் நான். அந்தச் சட்டையில் தோள் தையல் கைக்குப் பாதி தூரம் இறங்கிக் கிடக்கிறது. காலருக்குள் என் இரண்டு கையும் போகும். அங்கே இங்கேயை விடக் குறைந்த எடையில் ஓட்டச் சொல்கிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன், நீங்கள் சொல்லவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டபோதெல்லாம் ஒரு வெட்டு வெட்டினேன் என்றீர்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். ஆனால் நான் உங்களுக்காக அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில் எனக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி இளைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அளவெடுக்கிற என் கண்ணுக்கு அது தப்பிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள், குளிருகிறது என்றாள். வயதுக்கு வந்த பெண், உடம்பை மறைக்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போன பிறகு அவள் மளமளவென்று வளர்ந்துவிட்டாள். உங்கள் அம்மாவின் வளர்த்தி. என் காது உயரத்துக்கு வந்துவிட்டாள். பாவாடையெல்லாம் ஏறிவிட்டது, இரண்டு முறை மடிப்புப் பிரித்து இறக்கிவிட்டேன். அளவு எடுக்கும்போது, எப்போம்மா வளர்றது நிக்கும் என்று ஒரு நாள் கேட்டாள். பெண் பிள்ளை உயரமாக இருந்தால் அழகுதானே என்றேன். அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி ரேஸ் நாளுக்கு வருகிறேன். கூட்டம் என்றால் கூட்டம், கேலரியில் கால் வைக்க இடமில்லை. இருக்கிறவரை திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசி ரேஸ் முடிந்து கொடி இறக்கினார்கள். அப்புறம், வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காக எடை அறையைத் திறந்து விடுகிறேன் என்று ஜாக்கிகளுக்கு எடை பார்க்கிற தராசுப் பெரியவர் சொன்னார். ஜாக்கியைத் தவிர யாரும் உட்காராத அந்தப் பித்தளைத் தராசு நாற்காலியில், ஒரு முறை, ஆசைக்கு உட்காரட்டும் என்றார். நல்ல மனசுதான். பிள்ளைகள் வரிசையில் நின்றன. பெரியவர் ஒவ்வொருவருக்கும் முள்ளைப் பார்த்து, நிஜ ரேஸுக்குச் சொல்கிற மாதிரி உரக்க எடை சொன்னார். சமையல்கட்டு ஆளின் மகன் உட்கார்ந்ததும், தம்பி, குதிரைதான் உன் மேல ஏறணும் என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நம் சிட்டு விளையாட்டாக வரவில்லை. அது எனக்கு அவள் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றினாள். தலையில் இருந்த கிளிப்பைக்கூட எடுத்து என் கையில் கொடுத்தாள். நீங்கள் கடைசி நிமிடத்தில் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தருவீர்களே, அதேபோல. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டாள். பெரியவர் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். முப்பத்திரண்டு கிலோ என்றார், குரல் எழும்பவே இல்லை. சுவரோரம் நின்ற ஜாக்கிகள் கை தட்டினார்கள். நீங்கள் போகும்போது அவள் நாற்பத்திரண்டு. உயரம் அப்போது இவ்வளவு இல்லை.

கை தட்டலைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்தாள். இரண்டடி வைத்திருப்பாள், அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். தூக்கினேன். என் பிள்ளையை நான் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. உதடு வெடித்திருந்தது. முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. லாடக்கார அண்ணன்தான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அந்தப் பழைய கட்டடத்தில், வாசலில் குதிரைப் பணத்தைப் பற்றிக் கல் பதித்த வார்டில்தான் கட்டில் கிடைத்தது.

டாக்டரம்மா வயதில் சின்னவள், பொறுமைசாலி. நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருக்கிறது, இதயமே இளைத்துப்போயிருக்கிறது, இன்னும் குறைந்தால் நிற்கவும் கூடும் என்று ஒளிக்காமல் சொன்னாள். பிறகு, வீட்டில் யாராவது இப்படிச் சாப்பிடாமல் இருக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டாள். என் வீட்டுக்காரருக்கு வேலையே அதுதான் என்றேன். எங்கள் வீட்டில் ரேஸ் வாரத்தில் அடுப்பு எரியாது, வாசனை அவரைத் தொல்லை செய்யும் என்று நானும் பிள்ளையும் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம் என்றேன். அவர் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்பார், பிளாஸ்டிக் சட்டை போட்டுச் சுடுநீர் அறையில் உட்கார்ந்து வேர்ப்பார், அவர் ஜெயித்து வந்தால் தெருவே கை தட்டும் என்றேன். சொல்லச் சொல்ல, அது எவ்வளவு விபரீதம் என்று என் காதுக்கே கேட்டது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பிய சாப்பாட்டையெல்லாம் தோழிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். உங்கள் பழைய வேர்வைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வீட்டில் சுடுநீர் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு நான் பைப் ரிப்பேர்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை. அழகுக்காக இருக்கும், இந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான் என்று நர்ஸ்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன்.

மூன்றாம் நாள், பாலைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அப்பா சொன்னாரும்மா, வீட்டுல ஒரு ஆளு ஜாக்கி வெயிட்டுக்கு வந்துட்டா குதிரைய விட்டு இறங்கிடறேன்னு. ஜாக்கி ஸ்கூல்ல நாப்பதுக்கு மேல சேத்துக்க மாட்டாங்க. நான் வேற வளந்துக்கிட்டே இருக்கேன். அதான் கைவசம் கொஞ்சம் குறைச்சு வச்சேன். நான் சேந்துட்டா அப்பா வந்து சாப்பிடலாம்ல."

உங்களுக்கு ஞாபகம் வருகிறதா? நீங்கள் கிளம்பின அன்று பஸ் ஸ்டாண்டில், உங்கள் பையை விடாமல் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். அவளைச் சிரிக்க வைக்க நீங்கள் சொன்னீர்கள்: "அழாதடா. வீட்டுல ஒரு ஆளு ஜாக்கி வெயிட்டுக்கு வந்துட்டா அப்பா குதிரைய விட்டு இறங்கிடறேன். நீ குதிரை ஏறு, நான் நல்லா தின்னுட்டு ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்." அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், பஸ் போய்விட்டது. நாம் இரண்டு பேரும் அன்றே மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. எடையைக் குறைத்து வைக்கிற பேச்சைத்தான் தொட்டிலில் இருந்து கேட்டு வளர்ந்திருக்கிறாள், வேறு எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஒரு நாள் முழுக்க மனதுக்குள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், கோபம் நிற்கவில்லை. நீங்கள் மட்டும் என்ன, ஆசைப்பட்டா பட்டினி கிடக்கிறீர்கள்? எங்கள் இரண்டு பேருக்காகத்தான். அவளும் உங்களுக்காகத்தான். அப்பனும் மகளும் ஒருவருக்காக ஒருவர் சாப்பிடாமல் இருக்கிறீர்கள், நடுவில் நான் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று கேட்பீர்கள். காலையில் அரை டம்ளர் பால், மதியம் இரண்டு வாய், அதுவும் நான் பக்கத்தில் இருந்து முழுங்க வைத்தால். சாப்பிட்ட பிறகு அழுகிறாள். ஜாக்கி ஸ்கூல் வேண்டாம், அப்பா தானாகவே வந்துவிடுவார் என்று சொல்லிப் பார்த்தேன். நீ சும்மா சொல்ற என்கிறாள். தராசுப் பெரியவரும் வந்து பார்த்தார். அந்த நாற்காலியைத் திறந்து விட்டிருக்கவே கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டார். உட்காராமல் இருந்திருந்தால் நமக்கு இன்னும் தெரிந்தே இருக்காது என்று நான்தான் அவரைத் தேற்றினேன். அடுத்த வாரம் திரும்ப ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். எடை இன்னும் இறங்கியிருந்தால் மூக்கில் குழாய் வைத்துத்தான் ஊட்டுவார்கள். அதற்குள் அவளுக்கு ஏதாவது ஒரு நம்பிக்கை வரவேண்டும் என்கிறாள் டாக்டரம்மா.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அப்பா ரேஸில் இருக்கும்போது இதை நினைத்துக்கொண்டு விழுந்துவிடுவார் என்கிறாள். பாருங்கள், அவளும் நம் லைன் பெண்தான். அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைத்துவிட்டேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும்.

அங்கே சீசன் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, பாதியில் வந்தால் அந்த முதலாளி என்ன சொல்வார், இதையெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. இங்கே வந்து என்ன வேலை செய்வது என்று யோசிக்காதீர்கள். ரேஸ் இல்லாத ஊரில் ஜாக்கிக்கு வேலை இருக்காதுதான். எனக்குத் தையல் மெஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடைக்குப் பேசி வைத்திருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு யாரும் உட்கார வேண்டியிருக்காது.

வந்து நீங்கள் அவளுக்கு ஊட்ட வேண்டாம். புத்தி சொல்ல வேண்டாம். அழவும் வேண்டாம். வாசல் கதவைத் திறந்து வையுங்கள், தெரு முழுக்கப் பார்க்கட்டும். அவள் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நான் போடுகிறேன், நீங்கள் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று என்னிடம் கேளுங்கள். பிறந்ததிலிருந்து இன்றுவரை அவள் தன் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை. அதை ஒரு தடவை அவள் கேட்கட்டும்.

கடவுள் உங்களுக்குத் துணையிருப்பார். சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உலை வைத்துவிட்டுக் காத்திருக்கும்
சிட்டுவின் அம்மா